பக்கத்து மேசையின் பதில்

"பக்கத்துல இருந்தவங்க சொன்னா போதுமா?" என்று நான் கேட்டு வாயை மூடுவதற்குள் அபாய மணி அலறியது.

ஆணையம் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட வாயைத் திறக்காத மணி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தொழிற்சாலை மேலாளர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். பேச்சை மாற்ற இவர்தான் ஆள் வைத்து அடிக்கச் சொன்னாரோ என்று ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. அவ்வளவு வசமாக அவரை மடக்கி வைத்திருந்தேன்.

"மேடம், நெசமாவே புகை நாத்தம் வருது" என்று எழுந்துவிட்டார் அவர்.

சமத்துவத்துக்கும் மனித உரிமைகளுக்குமான தேசிய ஆணையம் என்று வாசலில் பலகை இருக்கிறது. நான் அதில் விசாரணை அலுவலர். வேலையிலோ, வாடகை வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ ஒருவரை 'நீ வேற' என்று ஒதுக்கினால் அந்தக் கடிதம் கடைசியில் என் மேசைக்கு வரும். யாரையும் உள்ளே தள்ளும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. கூப்பிடலாம், கேட்கலாம், எழுதலாம், எழுதியதை நாடு பார்க்க வைக்கலாம். அதற்கே பெரிய பெரிய முதலாளிகள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று வியர்த்தவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை மேலாளர். அவருடைய கிடங்கில் தீப்பிடித்தபோது சங்கு ஊதினார்கள். எல்லோரும் வெளியே ஓடினார்கள். காது கேளாத ஒரு பெண் மட்டும் இருபது நிமிடம் உள்ளேயே பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. 'ஆள் வெளியே வந்தாச்சான்னு யார் பார்த்தது?' என்று கேட்டேன். 'பக்கத்துல வேலை பார்க்கிறவங்க வந்துட்டாங்கன்னு சொன்னாங்க மேடம்' என்றார். அதற்குத்தான் நான் அப்படிச் சீறினேன். மணியும் சேர்ந்து சீறிவிட்டது.

விசாரணை அறை முதல் மாடியில். என் இருக்கை மூன்றாவது மாடியில். அங்கிருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே தடதடவென்று இறங்கிக்கொண்டிருக்க, நானும் மேலாளரும் அந்தக் கூட்டத்தோடு கலந்தோம். கடைசிப் படியில் என் செருப்பு வார் அறுந்தது. "பார்த்துக்கா!" என்று யாரோ தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். கட்டடத்தின் பின்பக்கம் பேட்டரி அறையிலிருந்து கறுப்பாகப் புகை சுருண்டு வந்தது.

முன்வாசல் முற்றத்தில், கொடிக்கம்பத்தடியில் கூடினோம். போன வருடம் ஆண்டுவிழாவுக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டு குரூப் போட்டோ எடுத்த இடம். அந்தப் பழக்கமோ என்னவோ, யாரும் சொல்லாமலே குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று வரிசை விழுந்துவிட்டது.

"மணியடிச்சா இவ்வளவு வேகமா கிளம்ப முடியுமா நம்மளால? இத்தனை நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மட்டும்தான்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார் தபால் பிரிவுக்காரர். பயத்தில் எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம்.

நிர்வாக அதிகாரி வருகைப் பதிவேட்டோடு முன்னால் வந்து நின்றார். அவரை நாங்கள் கடிகாரம் என்போம். மனிதர் எந்த அவசரத்திலும் மணி பார்க்க மறக்கமாட்டார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். நான் குனிந்து, அறுந்த வாரை ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தட்டச்சரின் பெயர் காதில் விழுந்தது.

"இருக்காங்க" என்றேன்.

தலையை நிமிர்த்தவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தட்டச்சருக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேசுவாள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆணையத்தில் அவளைப் போல் பிழையில்லாமல் அடிக்க ஆள் கிடையாது. சேர்ந்த புதிதில், கூட்டங்களில் கடிகாரம் அவள் பெயரை இரண்டு தடவை, மூன்று தடவை கத்துவார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். அவள் முகம் சிவந்துபோகும். பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து மேசைக்காரியான நான் ஒருநாள் "இருக்காங்க" என்று பதில் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதுவே வழக்கமாகிவிட்டது. நான் விடுப்பில் போனால் வேறு யாராவது சொல்வார்கள். அதை நாங்கள் அன்பு என்றுதான் நினைத்திருந்தோம்.

கடிகாரம் பதிவேட்டை மூடினார். "முப்பத்தேழு பேர். முப்பத்தேழும் இருக்கு. நாலு நிமிஷம் இருபது விநாடி!"

பேட்டரி அறைப் பக்கமிருந்து காவலாளி தீயணைப்புக் குப்பியோடு வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்தூள், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. "நெருப்பு அணைஞ்சுடுச்சு. புகை போகட்டும், அதுக்கப்புறம் உள்ள போங்க" என்றார். ஆணையத்தின் தலைவர் அம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "ஊருக்குச் சொல்றதை நாமளும் செஞ்சுட்டோம்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

தொழிற்சாலை மேலாளர் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் தட்டவில்லை. நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"மேடம், மூணாவது மாடி ஜன்னல்ல ஒருத்தங்க நிக்கிறாங்களே... உங்க ஆபீஸ் ஆளா?"

நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டை. நான் பார்ப்பதைப் பார்த்து அவள் கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினாள். சிரித்தாள்.

கைதட்டல் ஒவ்வொரு ஜோடிக் கையாக நின்றது. கடிகாரம் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே இருந்த குறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா இருக்காங்கன்னு சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். மேலாளர் காதிலும் அது விழுந்தது. சற்று முன்னால் நான் அவரைக் கேட்ட கேள்வியை அவர் அப்போது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மனிதர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுந்த செருப்பை உதறிவிட்டு ஓடினேன். "அம்மா, புகை இன்னும் அடங்கலை!" என்று காவலாளி பின்னாலேயே வந்தார். முதல் மாடியில் தொண்டை எரிந்தது. இரண்டாவது மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். நெருப்பு அணைந்துவிட்டது என்பது தெரியும். அணையாமல் இருந்திருந்தால்? மூன்றாவது மாடியில் யாருமில்லை என்று கையெழுத்துப் போட்ட பதிவேடு இருக்கிறது. தேடி யார் வந்திருப்பார்கள்? பதில் சொன்ன நான் சத்தியமாக வந்திருக்க மாட்டேன். அவளைத்தான் நான் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே.

நானும் அவளும் மட்டும் உட்காரும் எங்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஏசிக்காக எப்போதும் சாத்தித்தான் இருக்கும். உள்ளே புகை வாசனையே இல்லை. அவள் திரையில் என் அறிக்கை, அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அறிக்கை, பாதியில் நின்றிருந்தது. 'அபாயச் சங்கோடு, விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கும் பொருத்தப்பட வேண்டும்.' போன வாரம் முதல் தடவை அதை அடித்துக் கொடுத்தபோது, "நம்ம ரூம்ல அந்த விளக்கு எங்கக்கா இருக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டாள். "மொதல்ல அவங்க மாட்டட்டும்டி" என்று நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்த வரியின் முடிவில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. அந்த அறையில் விட்டுவிட்டு எரிந்தது அது ஒன்றுதான்.

அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பினாள். கையில் சீப்பு. விசைப்பலகைக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா திறந்து கிடந்தது. கழுத்தில் அடையாள அட்டையை நேராகத் தொங்கவிட்டிருந்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். உதடு இப்படி நடுங்கினால் அவளால் எதைப் படிக்க முடியும்?

அவளே முகமெல்லாம் மலர்ந்து பேசினாள்.

"இன்னும் போட்டோ எடுக்கலைல்லக்கா? போன தடவை மாதிரி என்னை விட்டுட்டு எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன், நல்லவேளை, இந்தத் தடவை நீங்களே கூப்பிட வந்துட்டீங்க!"