பின்சீட்டில் படுத்திருந்தவள்

“யாரு உன்னைக் கண்ணு வரையச் சொன்னது? சொல்லு, யாரு சொன்னா?” என்று எதிர்வீட்டில் அண்ணன் கத்த, “யாரும் சொல்லல, முகம் மொட்டையா இருந்துச்சு, வரைஞ்சேன், இப்ப என்ன?” என்று தங்கை அதற்கு ஒரு படி மேலே போய்க் கத்த, நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரில் வைத்தபடியே நின்றுவிட்டேன், எங்கள் வீட்டுக்காரரின் நல்ல சட்டை, கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் எடுத்தேன்... போகட்டும், காலரைத் திருப்பித் தைத்துக்கொள்ளலாம், இப்படி ஒரு சண்டையைத் திருப்பிக் கேட்க முடியுமா? ஆறு வருஷமாக எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறோம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் காற்றுக்கென்று விட்ட ஒரு சந்து, அவர்கள் வேலை செய்யும் அறையின் ஜன்னல் என் இஸ்திரி மேசைக்கு நேர் எதிரே, இதுவரை அங்கிருந்து வந்ததெல்லாம் பெயிண்ட் வாடையும் கம்ப்ரெஸர் உறுமலும்தான், மனுஷச் சத்தம் கிடையாது, ஒருவேளை இரண்டும் ஊமையோ என்றுகூட ஆரம்பத்தில் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். அண்ணனுக்கு நான் வைத்த பேர் பூதக்கண்ணாடி, நெற்றியில் பட்டை கட்டிய லென்ஸ், பால் வாங்க வரும்போதும் அதோடுதான் வருவான், பாக்கெட்டின் தேதியை அதை இறக்கிவிட்டுப் பார்ப்பான். பழைய பொம்மைக் கார்களைப் புதுசாக்குவது இவர்கள் பிழைப்பு, உள்ளங்கையில் அடங்குகிற இரும்புக் கார்கள், தலை வழுக்கையான ஆண்பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ பஞ்சு சுற்றிப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள், அண்ணன் அடித்தட்டைக் கழற்றி, பழைய பெயிண்டை உரித்து, புது வண்ணம் அடித்து அடுப்பில் காயவைப்பான், தங்கை ஒற்றை மயிர்த் தூரிகையால் விளக்கு, கதவுப் பிடி, நம்பர் பிளேட் எல்லாம் எழுதுவாள், பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது, நான் ஒருமுறை தும்மிவிட்டு அந்த வீட்டில் பட்ட பார்வை இருக்கிறதே...

“படுக்க வெச்சு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது, இருந்த மாதிரியே குடுத்துடலாம்னு பாத்தா, இப்பக் கண்ணு முழிச்சுக்கிட்டுக் கிடக்கே!” இது அண்ணன். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். யாரைப் படுக்க வைத்தது? எதை மூடுவது? அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இரண்டு பேரும்தான் கத்திக்கொண்டிருக்கிறார்கள், மூன்றாவதாக யாராவது வருகிறார் என்றால் அது மருந்துக்கடைக்காரர், அவரும் சாயங்காலம்தான் வருவார், இன்றைக்கு வருகிறார் என்று காலையில் மாடிப்படியில் அண்ணனே சொன்னான், செய்யக் கொடுத்த பச்சைப் பொம்மைக் காரை வாங்கிக்கொண்டு போக. தங்கையை அவருக்குத்தான் பேசி முடித்திருக்கிறது, அடுத்த மாதம் கல்யாணம், பொம்மைக் கார் கொடுக்க வந்தவர் பெண்ணையும் பார்த்துவிட்டார் என்று நான்தான் தெரு முழுக்கச் சொன்னேன், நல்ல செய்தியைச் சொல்வதில் என்ன தப்பு? நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார், மாத்திரை அட்டையை அவர் கத்தரிக்கோலால் வெட்டுவதைப் பார்க்க வேண்டும், கோடு போட்ட மாதிரி இருக்கும். முதல் மனைவி என்ன ஆனாள் என்றுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, சிலர் காய்ச்சலில் போய்விட்டாள் என்கிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள், நானே இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், “மழை வர்ற மாதிரி இருக்கு, குடை கொண்டாந்தீங்களா?” என்றார், இரண்டு தரமும் நல்ல வெயில்.

கால் சுளுக்கின அன்றைக்கு அவர் காரிலேயே என்னைக் கொண்டுவந்து விட்டது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? அவர் ஓட்டுகிற நிஜக் கார், அதுவும் கரும்பச்சைதான், நான் மரியாதையாகப் பின்கதவைத் திறந்து உட்காரப் போனேன், “பின்னால வேண்டாம், முன்னால வாங்க” என்றார், காலை நீட்டிக்கொள்ளப் பின்னால்தான் வசதி என்றேன், வண்டியைக் கிளப்பவே இல்லை, சாவியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் நொண்டி நொண்டி இறங்கி முன்னால் வந்த பிறகுதான் கார் நகர்ந்தது. என்ன பண்பு பாருங்கள், நம்மை டிரைவர் வைத்த மகாராணி மாதிரிப் பின்னால் உட்காரவிடாமல் சமமாக நடத்துகிறார் என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன்... பண்புதானா அது? இதற்கு மேல் இஸ்திரி ஓடுமா? பிளக்கில் இருந்த திருகாணியை நானே கொஞ்சம் தளர்த்தினேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டினேன், “தம்பி, ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடந்துவிட்டேன், வாசலில் நின்றால் ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான் கிடைக்கும்.

“வாங்க அக்கா, நீங்களே சொல்லுங்க” என்று தங்கை என்னை மேசைப் பக்கம் இழுத்தாள், அண்ணன் “அவங்கள எதுக்கு இதுல...” என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான், இவளுக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் என்ன நடந்துவிடும் என்ற அலுப்பு. விளக்கு வெளிச்சத்தில் கார் துண்டு துண்டாகக் கிடந்தது, மேலுடம்பு ஒருபுறம், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த கரும்பச்சை, அசல் அவருடைய காரின் பச்சை, நம்பர் பிளேட்டும் அதே நம்பர், அப்படித்தான் வேண்டும் என்று கேட்டாராம், வந்தபோது சிவப்பாக இருந்ததாம். இன்னொன்றும் சொன்னாராம், வெளியே மட்டும் செய்துகொடுங்கள், திறக்க வேண்டாம். திறக்காமல் எப்படி அக்கா பெயிண்ட் அடிக்கிறது, கண்ணாடி, சீட்டு எல்லாத்துலயும் படுமே, அது அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சு நாங்க வழக்கம்போலத் திறந்தோம், என்றாள். கம்பெனியில் தலை நசுக்கிய ரிவெட் ஆணி அடித்து மூடி அனுப்புகிற அடித்தட்டு, அதை எப்போதும் துளை போட்டுத்தான் கழற்றுவார்களாம், இதில் ரிவெட்டே இல்லை, சின்னத் திருகாணி, அதன்மேல் பட்டி பூசி மறைத்திருந்தது, ஆக இவர்களுக்கு முன்னாலேயே யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். உள்ளே பின்சீட்டில், ஜன்னல் மட்டத்துக்குக் கீழே, வெளியிலிருந்து எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தெரியாதபடி, ஒரு பெண். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஈயமோ என்னவோ, நீல உடுப்பு, ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கி, தலை முதல் கால் வரை பசை போட்டு ஒட்டியிருந்ததாம், பசை பழுப்பேறி உதிர்கிற அளவுக்குப் பழசு. முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தோல் நிறம்.

இவள் என்ன செய்தாள்? வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்ததும் கையை உதறியிருப்பார்கள், அப்படியே மூடியிருப்பார்கள், இவள் மேலுடம்பு, பம்பர், அடித்தட்டு எல்லாவற்றோடும் சேர்த்து அவளையும் வலைக்கூடையில் போட்டுப் பெயிண்ட் உரிக்கிற திரவத்தில் முக்கிவிட்டாள், கை பழக்கம், அரைகுறையாகக் கிடக்கிற எதையும் இவளால் சும்மா விட முடியாது, பிறகு துடைத்து, உடுப்புக்கு நீலம், தலைக்குக் கறுப்பு, கடைசியில் முகம். உதடு, புருவம், இரண்டு கண். திறந்த கண். “அழிச்சுத் தொலைன்னு காலைலேர்ந்து சொல்றேன் அக்கா, கேக்க மாட்டேங்கறா, அந்த மனுஷன் பிரிச்சுப் பாத்தா என்ன நினைப்பாரு? கல்யாணம் நின்னுபோச்சுன்னா?” என்று அண்ணன் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறான், கண் கலங்கியிருக்கிறது, இந்தத் தங்கையைக் கரை சேர்க்க அவன் எத்தனை வீடு ஏறி இறங்கினான் என்பது எனக்குத் தெரியும். “கல்யாணம் உனக்கா எனக்கா? இது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?” என்கிறாள் அவள். “பொம்மைடி!” “பொம்மையை யாருண்ணா ஒளிச்சு வெப்பா?” நான் குனிந்து பார்த்தேன், குனிந்திருக்க வேண்டாம். “எங்க பாக்குற மாதிரி இருக்கு இது?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள், வேலை நன்றாக அமைந்தால் சிரிப்பாளே அதே சிரிப்பு. “பின்னால ஒருக்களிச்சுப் படுத்திருந்தா பார்வை எங்கக்கா போகும்? ஓட்டுறவர் பிடரிக்குத்தான்.”

நான் ஏன் அப்போதே கிளம்பவில்லை? திருகாணி முடுக்கி ஆயிற்று, இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கிறது, ஆனாலும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டேன், கண்ணை அழிக்க அவள் விடவே இல்லை, அப்படியே காரைக் கோத்தார்கள், சீட்டு, அவள், கண்ணாடி, மேலுடம்பு, அடித்தட்டு, அண்ணன் திருகாணி போட்டுப் பட்டி பூசினான், மூடின பிறகு அது ஒரு அழகான சின்னக் கார், அவ்வளவுதான், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தபின் அதை வெறும் காராகப் பார்க்கவும் முடியவில்லை... வெளிச்சம் சாய்கிற நேரத்துக்கு அவர் வந்தார், செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு, எனக்கும் ஒரு வணக்கம். காரை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார், கதவைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், பிறகு ஜன்னல் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். “கண்ணாடியில ஒரு சொட்டு பெயிண்ட் இல்லையே” என்றார். பாராட்டுகிறார் என்று அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. “டேப்... டேப் ஒட்டி அடிச்சோம் சார்.” வேலைச் சுத்தம் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது, கொஞ்சம் அசிங்கமாகச் செய்திருந்தால் தப்பித்திருப்பான், ஆனால் அசிங்கமாகச் செய்ய அந்த இரண்டு பேருக்கும் வராதே.

“பொய் சொல்லாதண்ணா” என்றாள் தங்கை. “திறந்தோம். உள்ள இருந்தவங்களுக்குக் கண்ணு இல்ல, வரைஞ்சுட்டேன்.” இப்போது கத்துவார், யாரது என்று இவள் கேட்பாள், அவர் ஏதாவது சொல்வார், எனக்கும் ஒருவழியாகத் தெரிந்துவிடும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன், அவர் கத்தவில்லை, ஏன் திறந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “எந்தப் பக்கம் பாக்குது?” என்றார். “முன்னால.” அவர் கை தன்னால் எழுந்து பிடரியைத் தொட்டது, எறும்பு ஊர்ந்தால் தொடுவோமே அப்படி, தொட்ட கை அங்கேயே நின்றது. மாத்திரை அட்டையைக் கோடு போட்ட மாதிரி வெட்டுகிற கை அது, கீழே இறங்க மறந்துவிட்டது. காரை மேசையில் வைத்தார், அது சக்கரம் உருண்டு ஒரு விரல் தூரம் அவர் பக்கமாக நகர்ந்தது, இந்தக் கட்டடத்தில் எந்தத் தரைதான் மட்டமாக இருக்கிறது, அதனால்தான், ஆனால் அவர் பின்வாங்கினார். “இது இங்கயே இருக்கட்டும்” என்றார், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். தங்கை கையில் ஒட்டியிருந்த பச்சையைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, பிறகு அவர் பின்னாலேயே இறங்கிப் போனாள்.

நான் பால்கனிக்கு ஓடினேன், ஓடாமல்? கீழே காருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், அவள் பேசுகிறாள், ஒரு வார்த்தை மேலே வரவில்லை, அவர் தலையை ஆட்டுகிறார், மறுபடியும் ஆட்டுகிறார், முழங்கையைப் பிடித்து அவளை முன்கதவுப் பக்கம் அழைக்கிறார். அவள் போகவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டாள். அவர் தெருவில் நின்றார், போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நின்றார், எனக்கானால் அன்றைக்கு நான் இறங்கும்வரை வண்டியைக் கிளப்பவில்லையே, இவளையும் இறக்குவார், இறக்கட்டும், பிள்ளை தப்பித்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன்... அவர் முன்னால் ஏறினார். கார் கிளம்பியது. தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொள்கிற மாதிரித் தூக்கியபடி, திரும்பாமல், கண்ணாடியில்கூடப் பார்க்காமல், ரொம்ப மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார், மேலேயிருந்து எனக்கு அவர் தெரிந்தார், அவள் தெரியவில்லை. இத்தனை நேரமும் நான் யாருக்காகப் பயந்தேன்? அந்தப் பெண்ணுக்காகத்தான். அப்படியானால் தெருமுனையில் கார் திரும்பும்போது ‘ஐயோ பாவம்’ என்று என் வாயிலிருந்து வந்ததே, அது யாருக்கு?

குறித்த நாளில் குறித்தபடி கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து நான்தான் எல்லாவற்றையும் பார்த்தேன், மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்திருந்தார், சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை, “சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்டேன், அவர் வாயைத் திறப்பதற்குள் “சௌக்கியமா இருக்கார் அக்கா” என்றாள் அவள். இப்போது கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார்கள், முதல் மனைவியைப் பற்றி அவளிடம் அவர் எல்லாம் சொல்லிவிட்டாராம், என்ன சொன்னார் என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறாள். அண்ணன்தான் அந்த வாரமே வீட்டைக் காலி செய்தான், இருக்கிற ஒரே உறவு பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்க, ரயிலில் ஒரு முழுப் பகல் போக வேண்டிய ஊரில் வீடு பிடித்திருக்கிறான், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த கையோடு இப்படியா ஓடுவாய் என்று லாரி ஏறும்போது கேட்டேன், “அவ நல்லா இருப்பா அக்கா” என்றான். “அவர்?” என்றேன். லென்ஸை நெற்றியிலிருந்து கழற்றிப் பையில் போட்டான், அதில்லாமல் அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், சின்னப் பையன் முகம், வெளியே வரச் சொல்லிக் கூப்பிடும்வரை எங்கேயோ ஒளிந்திருந்த மாதிரி. முப்பது வருஷம் அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். “நேரமாச்சு அக்கா” என்று சொல்லி ஏறிக்கொண்டான், விலாசம் கொடுக்கவில்லை, தங்கைக்கும் கொடுக்கவில்லையாம்.