தெருவுக்கு முதுகைக் காட்டிய வீடு

பட்டறையில் மில்லிங் மெஷின் ஓட்டும் மில்லிங்காரரின் மனைவி அவரோடு பேச்சை நிறுத்திய அன்று, அவர்கள் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. வாசற்கதவு பின்வீட்டுச் சுவரை முட்டியது. போக்குவரத்தெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக நடந்தது. சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதற்கும் தன் தப்பு என்று சொன்னதில்லை. சாயங்காலத்துக்குள் கதவு தெருவுக்கு வராவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் சுவரிடம் சொன்னாள்.

அண்ணன் ஆட்களோடு வந்து வீட்டைத் தள்ளினார். அது மசியவில்லை.

மில்லிங்காரர் தரைக்கடியில் தவழ்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பட்டறையில் இரும்பைப் பூட்டித் திருப்பும் ரோட்டரி டேபிளுக்கு இருப்பதுபோலவே, வீட்டுக்கடியில் ஒரு பல்சக்கரமும் அதைக் கவ்விய திருகுத்தண்டும் இருந்தன. "மச்சான், திருகு சக்கரத்தச் சுத்தும். சக்கரம் திருகச் சுத்தாது. நீங்க யானையக் கொண்டு வந்தாலும் அவ்வளவுதான்."

திருகைச் சுற்றும் கைப்பிடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் முளைத்திருந்தது. தொண்ணூறு சுற்றுக்கு வீடு ஒரு முழுச் சுற்று; பாதிக்கு நாற்பத்தைந்து. மச்சானுக்கு விளக்கிக்கொண்டே சுற்றியதில் கணக்கு தவறி, கதவு தெருவைத் தாண்டிப் போனது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, தாண்டிய அளவு மட்டும் பின்னால் சுற்றினார். பட்டறையில் வேறு யாராவது இதைச் செய்தால் இவர் அவர்கள் மானத்தை வாங்கிவிடுவார். பல்லுக்கும் திருகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. பின்னால் சுற்றினால் முதலில் கைப்பிடிதான் நகரும், மேசை நகராது.

கதவு தெருவுக்கு வந்ததுபோல் இருந்தது. மச்சான் அதைச் சாத்தியதும் அந்த இடைவெளியில் வீடு இடவலமாகத் தலையாட்டியது. அலமாரியில் டம்ளர்கள் சிரித்தன.

"வீடே இல்லைங்குது," என்றார் மச்சான்.

மனைவி துணிப்பையோடு கதவருகே நின்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. சரிசெய்ய ஒரே வழி: நிறையப் பின்னால் போய், முதலில் வந்த திசையிலேயே மறுபடி வந்து நிற்பது. எல்லார் கண்ணெதிரிலும் கதவு மறுபடி விலகிப் போகும்.

மில்லிங்காரர் தொட்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, "தப்பா சுத்திட்டேன்," என்றார்.

"யாரு?"

"நான்தான்டி. என் தப்பு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "ம், சுத்துங்க. நான் எண்றேன்."

கதவு தெருவுக்கு நேர்கோட்டில் வந்ததும் அவளே ஸ்பேனரை எடுத்து, வீடு அசையாமல் பிடிக்கும் லாக் போல்ட்டை இறுக்கினாள். ஸ்பேனர் அதன்பின் அவள் வசமே இருக்கிறது. இப்போதும் சில காலைகளில் அந்த வீடு கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். தபால்காரர் ஒன்றும் கேட்காமல் சுற்றிப் போய் ஜன்னலில் கொடுப்பார்.