நூறு எண்ணிய பிறகு திறக்கவும்

எடையில்லாத இடத்தில் தீ எப்படி எரிகிறது என்று பார்க்க, பூட்டிய இரும்புப் பெட்டியைக் கோபுர உச்சியிலிருந்து விழவிடுவார்கள். உச்சியில் கொக்கி மாட்டுவது அவள் வேலை. உள்ளே தீப்பொறி வைத்து அனுப்புவதும் அடியில் நின்று மூடியைத் திறப்பதும் அவள் கணவன் வேலை. ஊழியர்கள் அவனை வத்திக்குச்சி என்பார்கள்.

விழும் ஐந்து விநாடியும் பெட்டிக்குள் மேல், கீழ் கிடையாது. சூடான காற்று ஏறாது. புதுக் காற்று வந்து சேராது. தீ நாக்கு நீட்டாமல் நீல உருண்டையாக நிற்கும். உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறியை நிறுத்தினால் தன் புகையிலேயே மூச்சடைத்து மங்கிவிடும். விண்கலத்தில் தீயணைக்க இதுவே வழி என்று நிரூபிக்க ஆய்வுக்கூட இயக்குநர் தினமும் மெத்தைப் பஞ்சை எரித்தார். எரித்தது வத்திக்குச்சி, நிரூபித்தது இயக்குநர்.

பெட்டி இறங்கியதும் வத்திக்குச்சி மூடியில் புறங்கையை வைத்து, வாய்விட்டு நூறு எண்ணுவான். "தூங்குது, சாகல. காத்து கெடச்சா கடிச்சிரும்" என்பான். இயக்குநருக்கு அந்த நூறு பொறுக்கவில்லை. பெட்டிக்குள் நடப்பதைக் காட்டும் திரை இருண்டால் தீ அணைந்ததாகவே பொருள், உடனே திறக்கவும் என்று சுற்றறிக்கை விட்டார். மூன்றாம் நாள் வத்திக்குச்சி எண்ணாமல் திறந்தான். பஞ்சுக்குள் கனன்றுகொண்டிருந்த தீ காற்றைக் கண்டது.

இப்போது அடியில் நிற்பது அவள். விசாரணை அறிக்கையோடு இயக்குநரே இறங்கி வந்தார். 'ஊழியரின் அவசரம்' என்று ஒரு வரி. அதன் கீழே, குடும்பத்தார் ஒப்புக்கொண்டதாக அவள் கையெழுத்து வேண்டுமாம். தீயைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய மனிதர். சட்டையில் ஒரு கரிப்பொட்டு பட்டதில்லை.

"அவசரப்பட்டுட்டாரும்மா. உள்ளத எழுதித்தானே ஆகணும்."

"உங்க சுற்றறிக்கை சார்?"

"அது சும்மா ஒரு ஆலோசனை."

பக்கத்தில் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலையை உயர்த்தாமல் சொன்னார்: "செத்தவன் வந்தா மறுக்கப் போறான்? எழுதிக்குங்க."

அப்போது அன்றைய பெட்டி மணற்படுக்கையில் பொத்தென்று இறங்கியது. திரை இருட்டாக இருந்தது.

"போடறேன் சார்" என்றாள். "தீதான் அணைஞ்சிருச்சே. மூடிய மட்டும் நீங்க திறந்திருங்க."

பெரியவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். வேறு வழியின்றி இயக்குநர் கைப்பிடியைப் பற்றினார். பூட்டு ஊசி அவள் உள்ளங்கையில் இருந்தது. அது இல்லாமல் மூடி அசையாது என்பதுகூட அந்த மேதைக்குத் தெரியவில்லை.

கைப்பிடி அசையவில்லை, அவர் அசைத்தால்தானே. நெற்றியில் வேர்வை பூத்தது. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

"வாய்விட்டு எண்ணுங்க சார். அவர் அப்படித்தான் எண்ணுவார்."

இயக்குநர் கையை எடுத்துக்கொண்டார். அவள் பேனாவை வாங்கி, கையெழுத்துக்கான கோட்டின் மேல் எழுதினாள்: 'திரை இருண்ட பிறகும் இயக்குநர் திறக்கவில்லை. எண்ணினார்.' அடியில் தன் பெயரைப் போட்டாள்.

"சாட்சிக்கு நானும் போடறேன்" என்று பெரியவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.