குவியலை அணைத்தவன்

1

இந்தக் கதை ஒரு தோட்டக் குழாயிலிருந்து பிறந்தது. குழாய் என் கையில் இருந்தது.

என் அக்கா விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். வைக்கோல், சோளத்தட்டை, சாணம் இவற்றை அடுக்கிக் குவித்து உரமாக்கச் சொல்லித்தருவாள். பயிற்சிக் கையேட்டில் சேர்க்க ஒரு கதை வேண்டும், வந்து பார்த்து எழுது என்றாள். விடிந்ததும் போனேன். கொட்டகைக்குப் பின்னால் ஆளுயரக் குவியல் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. ஊரைக் காப்பாற்றும் வேகத்தில் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன்.

அது புகை அல்ல, ஆவி. நன்றாக மக்கும் குவியல் உள்ளே கொதிக்கும். (இதைக் கதாசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.)

2

வேறு தொடக்கம்: "பூமித்தாயின் கருவறையில் ஒரு வெப்பம்..." வேண்டாம். அக்கா படித்தால் மண்வெட்டியோடு வருவாள்.

மறுநாள் விவசாயிகள் வருவதாக இருந்தது. குவியலில் செருகிய இரும்புக் கம்பியை உருவி அவர்கள் கையில் கொடுப்பாள் அக்கா. தொட்டவர் கையை உதறுவார். பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும். இப்போது கம்பி ஜில்லென்று இருந்தது. இந்த முறையும் ஒருவர்கூட வீட்டில் செய்து பார்க்காவிட்டால் பயிற்சியை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

3

முடிவு அ: கம்பியைத் தேநீர் அடுப்பில் காய்ச்சிச் செருகிவிடுவது.

"இங்க சுடும். அவங்க வீட்டுல சுடலன்னா யார்கிட்டடா போய் நிப்பாங்க?" என்றாள் அக்கா.

"கதைன்னா கொஞ்சம் பொய் இருக்கும்க்கா."

"உன் கதையில வச்சுக்கோ. என் குவியல்ல வேணாம்."

முடிவு ஆ: பெருமழை, பயிற்சி ரத்து. எழுதும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்துவிட்டேன்.

4

நடந்தது இதுதான். வந்தவர்கள் முன்னாலேயே அக்கா குவியலைக் கிளறினாள். நாற்றத்தில் முன்வரிசை பின்வரிசையானது. இது என் தம்பியின் கைவண்ணம் என்று அறிமுகப்படுத்தினாள். ஒரு பிடி அள்ளிப் பிழியச் சொன்னாள். ஒரு சொட்டு வரவேண்டிய இடத்தில் ஓடையே வந்தது. ஈரம் மிஞ்சினால் காற்று போகாது, அதனால்தான் இந்த நாற்றம் என்றாள். பிறகு காய்ந்த வைக்கோலைக் கலந்து திரும்ப அடுக்கினோம். அடுக்கியது நான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார்கள்.

(வந்தவர்களில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அறுவடை முடிந்த கையோடு வைக்கோலைக் கொளுத்துவதில் அவர்தான் முதல் ஆள். பட்டப்பெயர் தீப்பெட்டி. நானாக வைத்த பெயரல்ல என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.*)

* அவரைத் திருத்த மூன்று வரைவு எழுதினேன். மூன்றிலும் தேம்பி அழுதார். நேரில் கொட்டாவிதான் விட்டார்.

5

வீட்டில் செய்வீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பார்க்கலாம் என்றார் ஒருவர். ஆகட்டும் என்றார் அடுத்தவர். இன்னொருவருக்கு மகனைக் கேட்க வேண்டுமாம். அக்கா கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வாசகரே, இந்த இடத்தில் முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாகத்தான் இருந்தேன். "தீப்பெட்டி தொலைவானத்தைப் பார்த்தபடி..." என்று ஆரம்பித்தும்விட்டேன். ஆனால் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கதைக்கு ஒரு முடிவு வேணும். கொளுத்துவீங்களா, குவிப்பீங்களா?"

"பாதியைக் கொளுத்துவேன் தம்பி. மீதியைக் குவிச்சுப் பார்ப்பேன். நல்லா வந்ததை மட்டும் காட்டியிருந்தா மொத்தத்தையும் கொளுத்தியிருப்பேன். கெட்டுப்போனா என்ன பண்ணணும்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் காட்டியிருக்காங்க."