சிவப்புத் தொப்பிக்குப் பின்னால்

எங்கள் ஊரில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. காய்பாரியென் ஊர் வெயிலில் நின்றால் சாமான் வாங்குவதற்குள் ஆள் வடகம் ஆகிவிடுவான். வந்ததும் "யார் கடைசி?" என்று கத்துவோம். ஒருவர் கை தூக்குவார். அவர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நிழல் தேடிப் போய்விடுவோம். அடுத்து வருகிறவருக்கு நாம் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான். கியூபாவில் ரொட்டியும் கோழியும் பேருந்தும் இப்படித்தான் கிடைக்கின்றன, கிடைத்தால்.

அன்று மருந்துக்கடைக்குச் சரக்கு வரும் நாள். நான் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காகப் போயிருந்தேன். "யார் கடைசி?" என்றதும் கை தூக்கியவள் மைதெலின், எங்கள் பின்தெருப் பெண். மஞ்சள் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். அதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறாள்.

"குழந்தைக்கு எப்படி இருக்கு?"

"ராத்திரி பூரா இழுப்புக்கா. பொண்ணு லியானே படுக்கவே இல்ல, உக்காந்தே இருந்தா. இன்னைக்கு இன்ஹேலர் கிடைக்கலேன்னா என்ன பண்றதுன்னே தெரியல."

"கிடைக்கும். நீ யாருக்குப் பின்னாடி?"

"சிவப்புத் தொப்பிக்கு. அதோ, பூங்காவுல, பாதாம் மரத்தடியில."

திரும்பிப் பார்த்தேன். ரெமிஹியோ! சர்க்கரை ஆலையில் நான் கிரேன் ஓட்டியபோது பாகு காய்ச்சியவர். ஆலையை மூடி எங்கள் இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பெஞ்சருகே போனேன். மூச்சு சத்தம் தூரத்திலேயே கேட்டது.

"என்ன ரெமிஹியோ, நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது? யாரைக் கூப்பிடுறீங்க?"

"உன்னைத்தான் சொராய்தா. முப்பது வருஷமா கூப்பிடுறேன். நீதான் கிரேனை விட்டு இறங்க மாட்டேங்குறே."

"வாய் மட்டும் குறையல. மருந்து வாங்கித் தரட்டுமா?"

"என் முறை வரும்போது நானே வர்றேன் போ."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். எப்போதும் பிடிக்கும். சொன்னதில்லை.

வண்டி வந்ததும் தெருவே கடைவாசலில் கூடியது. மருந்துக்கடை இலேயானா ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இன்ஹேலர் கைப்பிடி அளவுதான். ஒவ்வொன்றாகப் போனது. குடை வைத்திருந்த அம்மாள் வாங்கி முடித்தபோது இலேயானா சொன்னாள்:

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அடுத்து யாரு?"

"சிவப்புத் தொப்பி எனக்குப் பின்னாடி," என்றாள் குடைக்காரி.

சிவப்புத் தொப்பி வரவில்லை. ஆள் இல்லையென்றால் அடுத்தவருக்கு. மைதெலின் முன்னே போனாள். அதே நேரம் யுமில்கா அவளை இடித்துக்கொண்டு கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றினாள். யுமில்காவுக்கு எந்த நோயும் கிடையாது. வரிசையில் இடம்பிடித்து, வாங்கியதைச் சந்துமுனையில் பத்து மடங்குக்கு விற்பவள்.

"தொப்பிக்காரருக்குப் பின்னாடி நான். விடியக்காலையில அவர்கிட்டதான் கேட்டேன்."

"பொய்!" மைதெலின் குரல் உடைந்தது. "அவர் எனக்குத்தான் கை தூக்கினாரு!"

"நானே சாட்சி," என்றேன்.

"நீ இவளுக்குப் பின்னாடி நிக்கிறவ. இவளுக்கு இடம் போனா உனக்கும் போச்சு. உன் சாட்சி யாருக்கு வேணும் கிழவி?"

கூட்டம் முணுமுணுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் சொன்னது எங்கள் ஊர் நியாயம்தான்.

"அப்ப அவரையே கேட்டுட்டு வாங்க," என்றாள் இலேயானா. "நான் காத்துட்டு இருக்க முடியாது, சீக்கிரம்."

இரண்டு பெண்களும் கவுன்ட்டரை விட்டு நகரத் தயாரில்லை. நான் கிளம்பினேன். மைதெலின் என் கையைப் பிடித்துக் காதருகே சொன்னாள்:

"அக்கா, அவரும் இன்ஹேலருக்குத்தான் வந்திருக்காரு. அவர் வந்தா அவர் வாங்கிடுவாரு. வரலேன்னா இவ வாங்கிடுவா. எப்படிப் பார்த்தாலும் என் பொண்ணுக்கு இல்ல."

தெருவைக் கடந்து பூங்காவுக்குள் போனேன்.

"ரெமிஹியோ, உங்க முறை வந்தாச்சு."

தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. விசில் சத்தம் இல்லை. மார்பில் கை வைத்தேன். அசையவில்லை. கழுத்தைத் தொட்டேன், மூக்கருகே விரலை வைத்தேன். அந்த வெயிலிலும் அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. கடைக்கும் இந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு தெருதான். அதைக் கடக்கக் காற்றில்லாமல் போயிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள், பட்டியல் நீளம்.

"என்ன சொல்றாரு?" கடைவாசலில் இருந்து யுமில்கா கத்தினாள். எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. அவர் இறந்துவிட்டார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் சாட்சி போய்விடும். கடைசி இன்ஹேலர் சந்துமுனைக்குப் போகும்.

பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் தோளுக்குப் பின்னால் கையைப் போட்டுக்கொண்டேன். காதலர்கள் உட்காருவது போலத்தான், வேறெப்படி? ஊருக்கே கேட்கும்படி கேட்டேன்:

"பெரியவரே, உங்களுக்குப் பின்னாடி யாரு? மஞ்சள் சட்டைப் பொண்ணுதானே?"

தோளை மெல்ல முன்னே தள்ளினேன். சிவப்புத் தொப்பி ஒருமுறை தாழ்ந்தது.

"ஆமாங்கிறாரு!"

"அவருக்கு மருந்து வேண்டாமா?" இது இலேயானா.

திரும்பிக் கத்தினேன். "இனிமே வேண்டாமாம்! தன் முறையை அந்தப் பொண்ணுக்கே விட்டுக் குடுத்துட்டாராம்!"

யுமில்கா கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தாள். நான் அவர் காதில் ஏதோ சொல்வதுபோல் குனிந்துகொண்டேன். உண்மையில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவருக்கும்.

நிமிர்ந்தபோது மைதெலின் இன்ஹேலரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பூங்காவை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். கண்ணீரும் சிரிப்பும்.

"வராதே!" என்றேன். "அவர் கண் அசருறாரு. வீட்டுக்கு ஓடு, பிள்ளை காத்திருக்கு!"

"ரொம்ப நன்றி பெரியவரே!" தெருவில் நின்றே கத்திவிட்டு ஓடினாள்.

யுமில்கா மட்டும் விடவில்லை. விறுவிறுவென்று வந்தாள், பெஞ்சின் முன் நின்றாள், குனிந்து தொப்பிக்கு அடியில் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"தலையாட்டினாரே..."

"ஆட்டினாரு. நீதான் பார்த்தியே."

அவள் கடையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அந்தப் பெண்ணை வழியிலேயே மறித்து மருந்தைப் பிடுங்கிவிடலாம். நான் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் மெதுவாக நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்," என்று சொல்லிவிட்டு, சிக்னல் தேடிக் கடற்கரைப் பக்கம் போனாள்.

கடையில் இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தரம். நான் எழுந்திருக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

கையில் பையோடு யாரோ ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். மருந்துக்கடைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நிழலில் இருந்த எங்களைப் பார்த்தாள்.

"யார் கடைசி?"

பழக்கதோஷம், என் கை தானே தூக்கிக்கொண்டது.

"நான்தான்மா," என்றேன். "இவருக்குப் பின்னாடி."