கூப்பிட்டால் வர வேண்டும்

விசிலைக் கெடுத்தவன் அவன்தான். வேட்டை நாய் பழக்குகிறவர்கள் மத்தியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

அவனும் மனைவியும் மனைவியின் அண்ணனும் சேர்ந்து நடத்திய நாய்ப் பண்ணை அது. வேட்டைக்குப் போகிறவர்கள் குட்டிகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கயிறில்லாமல் ஓடவும் கூப்பிட்டால் திரும்பவும் பழகிய பிறகு அழைத்துப் போவார்கள். மச்சான் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டார். அவன் நீளக் கயிற்றைப் பிடித்தான். விசில் அவளுடையது. இரண்டு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். முயலுக்குப் பின்னால் போன நாய்கூட அந்த நெட்டை ஓய்வதற்குள் திரும்பிவிடும். அவளுடைய சொந்த நாய் சீமாட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு தூசி கிடந்தால் குடிக்காது. அதனால் அந்தப் பெயர்.

அவள் காய்ச்சலில் போன பிறகு, அவன் கூடத்தில் உட்கார்ந்து அந்த விசிலை ஊதினான். சீமாட்டி பாய்ந்து வந்தது. சமையலறையைப் பார்த்தது. படுக்கையறையைப் பார்த்தது. குளியலறைக் கதவைப் பிறாண்டியது. அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்துவிட்டு வெளியே போனது. அது ஓடி வந்த சத்தத்தில் வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருந்தது. மறுநாளும் ஊதினான். அதற்கடுத்த நாளும்.

கூப்பிட்டு வந்த நாய்க்கு ஏதாவது கிடைக்க வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் அந்த அழைப்பு வெறும் சத்தமாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. ஒரு நாள் ஊதினான். வாசற்படியில் படுத்திருந்த சீமாட்டி காதைக்கூட அசைக்கவில்லை.

அதன்பின் அவிழ்த்துவிட்டால் திரும்பாமல் போனது. முட்புதர்க் காட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய சாலை. ஒரு லாரிக்காரர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, இறங்கி வந்து, அவன் பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டுப் போனார். அன்றைக்கே மச்சான் முடிவு சொல்லிவிட்டார். கல்குவாரியில் காவலுக்கு நாய் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம்.

"அங்க சங்கிலில கட்டிப் போடுவாங்க மச்சான். செத்துரும்."

"ரோட்டுக்குப் போனா மட்டும் நூறு வயசு வாழுமா?"

கெஞ்சிக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கினான். விசிலை மூட்டை கட்டிவிட்டுக் கைதட்டலில் ஆரம்பித்தான். ஒரு தட்டு. கயிற்றை இழுக்காமல் நிற்பான். வந்தால் ஈரல் துண்டு. உடனே "போ" என்று விட்டுவிடுவான். வருவதென்றால் கட்டிப்போடப்படுவது என்று நாய் நினைத்துவிடக் கூடாது. சாப்பாடு, தூக்கம், சவரம் எல்லாம் அவனை விட்டுப் போயிருந்தன. இது ஒன்றுதான் மிச்சம். சீமாட்டி கயிற்றில் வந்தது.

"கயித்துல வர்றது ஒரு பெரிய விஷயமா? கயித்தக் கட்டுனா என் மாமனாரே வருவாரு," என்றார் மச்சான். "நாளைக்குக் குவாரிக்காரன் வர்றான். அவுத்து விடுங்க மாப்பிள்ளை, பார்த்துருவோம்."

இன்னும் பழகவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவிழ்த்தான்.

சீமாட்டி உழுத நிலத்தில் மூக்கை வைத்துக்கொண்டு போனது. வரப்போரத்தில் ஒரு முயல் கிளம்பியது. அவ்வளவுதான். முயல் சாலைப் பக்கம் ஓடியது, நாயும் ஓடியது. கை தட்டினான். திரும்பவில்லை.

"விசில் எங்க? ஊதுங்க!"

"அத ஊதிப் பிரயோஜனம் இல்ல மச்சான்."

மச்சான் சாலையை நோக்கி ஓடக் காலெடுத்தார். அவன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். பின்னால் ஆள் ஓடினால் நாய்க்கு அது விளையாட்டு, இன்னும் வேகமெடுக்கும். அவன் சாலைக்கு முதுகைக் காட்டி, எதிர்ப் பக்கமாக ஓடினான். கை தட்டிக்கொண்டே ஓடினான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நாய் நின்றுவிடும். காட்டுக்கு அப்பால் ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது. ஹாரன் கேட்டது. ஓடினான். மண்கட்டி தடுக்கிக் குப்புற விழுந்தான். வாயெல்லாம் மண். எழவில்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

மெல்லக் கையை நீட்டிக் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். சீமாட்டி அவன் முகத்தை முகர்ந்தது.

"விட்றாதீங்க! கட்டுங்க, கட்டுங்க!" மச்சான் மூச்சிரைக்க வந்தார்.

இப்போது கட்டினால் கைதட்டலும் விசில் போன வழியே போய்விடும். ஈரலை ஊட்டினான். பட்டையை விட்டான். "போ."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சீமாட்டி போனது. அவன் முட்டிபோட்டபடி ஒரு தட்டு தட்டினான். தலையைத் தூக்கியது. அவனைத்தான் பார்த்தது. வந்தது. ஈரல் கொடுத்துப் போகவிட்டான். தட்டினான். மறுபடியும் வந்தது.

"போதும் மாப்பிள்ளை. குவாரிக்காரன்கிட்ட நாய் இல்லன்னு சொல்லிடுறேன், போதுமா? எழுந்திரிங்க."

"இன்னொரு தடவை மச்சான்."

தட்டினான். வந்தது. தட்டினான். வந்தது. ஈரல் தீர்ந்து வெறுங்கையை நீட்டினான். சீமாட்டியின் நாக்கு தொங்கியது. அடுத்த தட்டுக்குப் பாதி வழி வந்து நின்றது. நாய்க்கு ஆசை மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பழக்குகிற எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை," என்று கைகளைத் தூக்கினான்.

மச்சான் அவனெதிரே மண்டியிட்டு அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்தார். உள்ளங்கைகள் சிவந்து கொதித்தன. அவன் விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். அவர் பிடி இறுகியது.

"இதையும் கெடுத்துராதீங்க."

அவன் கை இன்னும் தட்டத் துடித்தது. பாதி வழியில் நின்ற சீமாட்டி, யாரும் கூப்பிடாததால், அங்கேயே உட்கார்ந்தது. மச்சான் பிடியைத் தளர்த்தவில்லை.