நீலக் கிளிப்

"எறங்கும்மா," என்றாள் மகள், இரண்டாம் முறையாக.

அமரர் ஊர்தியின் பின்சக்கரங்கள் அச்சுவரை சேற்றில் புதைந்திருந்தன. இடுகாட்டுக்கு இன்னும் ஒரே ஒரு மேடுதான். அம்மா அப்பாவின் பெட்டிமேல் கை வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவரு மட்டும் தனியாவா?"

"இழுக்கறப்ப வண்டியில உசிரு இருக்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம்தாம்மா."

அம்மா இறங்கினாள். ஊருக்கெல்லாம் வண்டி இழுத்துவிட்டவன் கடைசியில் தானே மாட்டிக்கொண்டானே என்று சித்தப்பா முனகினார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவின் மீட்பு வண்டியை மகள் மேட்டின் உச்சியைத் தாண்டி, சற்று இறக்கத்தில் நிறுத்தினாள். பத்து வருடமாக அவருடன் வேலை செய்தவள். நேற்று முன்தினம் அறுந்து அவர் மார்பில் அடித்த கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, நேற்றுதான் புதியதைச் சுற்றியிருந்தாள். கையுறை போட்டு கேபிளை இறக்கினாள். உருளையில் ஐந்து சுற்று மிச்சம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, கொக்கியை வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஊர்தியில் மாட்டினாள். கேபிளின் நடுவில், வண்டிக்கென்று இருந்த ஒரே தடித்த கம்பளியைப் போட்டாள். ஊர்தியின் டிரைவர் கியரை எடுத்துவிட்டு இறங்கி, மேடேறியதும் முன்சக்கரத்தடியில் போட ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார். மற்றவர்களை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு ரிமோட்டை அழுத்தினாள்.

கேபிள் விறைத்தது. கம்பளி மெல்ல எழுந்து தொங்கியது. அப்போதுதான் பார்த்தாள்: அதன் ஓரத்தில் துணி மாட்டும் நீலக் கிளிப் ஒன்று. காலையில் அவசரமாகக் கொடியிலிருந்து உருவியபோது கூடவே வந்திருக்கிறது.

விறைத்த கேபிளை யாரும் நெருங்கக் கூடாது. அவளும்தான்.

"அந்தப் போர்வை எதுக்கும்மா?" என்று சித்தப்பா கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பத்து வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது, வாயில் தானாகவே வந்தது.

"அறுந்தா ஆள் மேல பாயாம, அந்த பாரத்துல கீழ விழுந்துரும்."

"அப்ப அன்னிக்கு?"

வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை என்று விபத்துக்கு முந்தின இரவு வண்டியிலிருந்து இந்தக் கம்பளியை எடுத்துத் துவைத்துப் போட்டவள் அவள்தான்.

"அன்னிக்கு வேற ஒண்ணு போட்டிருந்தோம்," என்றாள் மகள், ரிமோட்டைப் பார்த்தபடி. "இருந்தும் அறுந்து தெறிச்சிருச்சு."

ஊர்தி சேற்றைப் பிய்த்துக்கொண்டு மேலேறி உச்சியைத் தொட்டது. அவள் விரலை எடுத்தாள். இனி இறக்கத்தில் அது தானாக மீட்பு வண்டியை நோக்கி ஓடிவரும். டிரைவர் குனிந்தார்.

ஓடவில்லை. சக்கரங்கள் அப்படியே நின்றன. ஊர்திக்குப் பின்னால், சேற்றுத் தண்ணீரின்மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. பிரேக் விளக்கு.

டிரைவர் கல்லை இரு கையிலும் பிடித்தபடி காலியான தன் இருக்கையைப் பார்த்தார். பிறகு, "ஒயர்ல ஈரம் ஏறியிருக்கும்," என்றார். கல்லைச் சக்கரத்தடியில் வைத்தார்.

மகள் கேபிளைத் தளர்த்தினாள். கம்பளி தரையில் படிந்தது. அவள் கொக்கியைக் கழற்றி நிமிர்வதற்குள் அம்மா வந்து அதை எடுத்து உதறி, நாலாக மடித்திருந்தாள். ஓரத்தில் இருந்த கிளிப்பைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த இன்னொண்ணையும் குடு," என்றாள். "துவைச்சு வெக்கறேன்."

மகள் குனிந்து கேபிளைச் சுற்றத் தொடங்கினாள். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிளிப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கம்பளியோடு ஊர்தியில் ஏறி, பெட்டியின் அருகே உட்கார்ந்தாள்.

கதவு மூடியதும் பின்னால் சிவப்பு அணைந்தது.